இடிப்பதற்கு முன்னால் கூரையைப் பாருங்கள்! செங்கோட்டை மச்சு வீடு சொல்லும் மரக்கணக்கு

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால், செங்கோட்டையில் எங்கள் ஆச்சி வீட்டில் வாளிகளுக்கு வேலை வந்துவிடும். பட்டாசலில் ஒன்று, இரண்டாங்கட்டில் ஒன்று, அரங்குவீட்டு வாசலில் ஒரு பித்தளைத் தவலை. ஊரே அருவியில் நனைய வரும்போது, நாங்கள் வீட்டுக்குள்ளேயே நனைந்துகொண்டிருப்போம்.

போன ஆடி மாதம் குடும்பமே அங்கே கூடியது. அருவிக்குப் போக இல்லை... வீட்டை என்ன செய்வது என்று முடிவெடுக்க!

"மரமெல்லாம் உளுத்துப் போச்சு. இடிச்சிட்டு, சீசனுக்கு வாடகைக்கு விடுற மாதிரி மாடியும் கீழயுமா ஆறு ரூம் கட்டிரலாம்" என்றார் பெரியப்பா. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த வீட்டை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்வது அவர்தான். சென்னையிலிருந்து வந்து, "எவ்வளவு அழகான வீடு" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிற எனக்கு வாளி தூக்குகிற வேலை கிடையாது. அப்பா எதுவும் பேசவில்லை. அத்தை, "அம்மா என்ன சொல்லுதா?" என்று கேட்டாள்.

ஆச்சிக்கு 82 வயது. முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டிட்டு இடிங்கடே."

அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது. தென்காசி, செங்கோட்டை, இலஞ்சி, கடையம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடு வைத்திருக்கும் பல குடும்பங்களில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகவும்தான்.

தார்சா முதல் புறவாசல் வரை

நெல்லைச் சீமையின் பழைய வீடுகளுக்கென்று ஒரு சொல்வரிசையே இருக்கிறது. தெருவை ஒட்டித் திண்ணை. அதைத் தாண்டினால் தார்சா. அடுத்து, வீட்டின் பெரிய கூடமான பட்டாசல். பிறகு இரண்டாங்கட்டு, பண்டம் பாத்திரம் வைக்கும் அரங்குவீடு, அடுக்களை, கடைசியில் புறவாசல். தெருவில் நின்று பார்த்தால் ஒடுக்கமாகத் தெரியும் வீடு, உள்ளே போகப் போக ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். நடுவில் வானம் பார்த்த முற்றம். வெளிச்சமும் காற்றும் மழையும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.

முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள். தூண்களின் தலையில் உத்தரம். உத்தரத்திலிருந்து மேலே ஏறும் கைமரங்கள். அவற்றின் குறுக்கே சட்டங்கள், சட்டங்களின் மேல் ஓடு. பட்டாசலுக்கு மேலே மட்டும் மச்சு. அதாவது, கனமான தூலங்களைப் போட்டு, அவற்றின் மேல் வரிசையாகக் கட்டைகளை அடுக்கி, பலகை பாவி, அதற்கும் மேல் மண்ணும் சுண்ணாம்பும் கெட்டித்த தளம். சித்திரை வெயிலிலும் பட்டாசல் குளுகுளுவென்று இருப்பதற்கு இந்த மச்சுதான் காரணம். ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே நிற்கும் காற்று, வெயிலின் சூட்டைக் கீழே இறங்க விடாது.

எல்லாப் பழைய வீடுகளும் ஓட்டு வீடுகள் அல்ல. மொட்டை மாடி உள்ள வீடுகளும் உண்டு. நம்மூரில் அதை மட்டப்பா என்போம். வெளியிலிருந்து பார்த்தால் காரை வீடு போலத்தான் இருக்கும். உள்ளே அண்ணாந்து பார்த்தால் நெருக்கமாக வரிசை கட்டிய மரக்கட்டைகள் தெரியும். அந்தக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, சாய்வு வரிசையில் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்திருப்பார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். ஆக, ஓட்டு வீடோ மட்டப்பா வீடோ, தலைக்கு மேலே தாங்கி நிற்பது மரம்தான்.

வீட்டின் அமைப்பு ஓர் இலக்கியக் கூட்டத்துக்கே பெயர் தந்த கதையும் நம் பக்கத்தில் உண்டு. ரசிகமணி டி.கே.சி. (1882–1954) பின்னாளில் குற்றாலத்தில் குடியிருந்தார். அதற்கு முன்பு திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த அவர் வீட்டில், வட்டமான தொட்டிக்கட்டில் உட்கார்ந்து நண்பர்கள் கம்பனைப் பேசினார்கள். அந்தச் சபைக்கு 'வட்டத்தொட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. முற்றம் இருந்தது, அதனால் கூட்டம் கூடியது!

இரண்டு மழைக்கும் நடுவே ஒரு கூரை

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழைக்காலம். ஆனால் தென்காசி வட்டாரம் இரண்டு மழைக்கும் சொந்தம் கொண்டாடும் ஊர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலை அள்ளிக்கொண்டு வரும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். சாரல் நேராக விழாது, பக்கவாட்டில் அடிக்கும். அதனால்தான் இந்தப் பக்கத்து ஓட்டுக் கூரைகளுக்குச் சரிவு அதிகம். இறவாரம் தாழ்ந்து இறங்கிச் சுவரை மறைக்கும்.

இதில் வரலாற்றுக்கும் பங்கு உண்டு. செங்கோட்டை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆட்சியில் இருந்த ஊர். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மரத்தால் வீடு கட்டும் தச்சு மரபு. இந்தப் பக்கம் செங்கலும் சுண்ணாம்பும் முற்றமும் கொண்ட நெல்லை மரபு. செங்கோட்டை வீடுகளில் இரண்டும் கைகோத்து நிற்கும். 1904-ல் கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை திறந்தபோது மலையைத் தாண்டிப் பொருள்கள் வருவது இன்னும் எளிதானது. எங்கள் வீட்டு ஓடு கொல்லத்திலிருந்து ரயிலில் வந்தது என்று ஆச்சி சொல்வாள்.

அந்த ஓட்டுக்கு இங்கே 'சீமை ஓடு' என்று பெயர். பேர்தான் சீமை. செய்தது இந்த மண்ணில்! ஜெர்மானிய, சுவிஸ் பாதிரியார்களின் பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்துதான் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும் இந்தத் தட்டை ஓடுகள் மேற்குக் கடற்கரை முழுக்கப் பரவின. அதற்கு முன்பு இருந்தவை குயவர்கள் செய்த நாட்டு ஓடுகள்.

ஆசாரி வந்தார், உளி பேசியது

மறுநாள் காலை ஆசாரி வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. துணைக்குப் பேரன். "வாரும் ஆசாரி" என்று ஆச்சி நாற்காலி போடச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. நேராகப் பட்டாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு ஏணி கேட்டார்.

கொட்டாப்புளியால் தூலத்தை நடுவில் ஒரு தட்டு. 'ணங்' என்று கோயில் மணிக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு சத்தம். அப்படியே தட்டிக்கொண்டே ஓரத்துக்குப் போனார். சுவருக்குள் நுழையும் இடத்தில் சத்தம் மாறியது. 'பொத்'. உளியின் முனையை வைத்து அழுத்தினார். பட்டர் பிஸ்கட்டில் விரல் இறங்குவது போல ஒரு அங்குலம் உள்ளே இறங்கியது.

"பாத்தீங்களா... நான் சொல்லலை?" என்றார் பெரியப்பா.

"அண்ணாச்சி, பொறுங்க" என்றார் ஆசாரி. "நாப்பது தட்டு தட்டிருக்கேன். எத்தனை 'பொத்'துன்னு எண்ணுனீங்களா?"

எண்ணியது அவர் பேரன்தான். ஐந்து. அந்த ஐந்தும் ஒரே வரிசையில், இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் கூடல்வாய்க்கு நேர் கீழே! அந்த இடத்தில் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மழைத் தண்ணீர் வருஷக்கணக்காக அந்த ஓட்டை வழியாகச் சுவருக்குள் இறங்கி, மரத்தின் முனைகளை ஊற வைத்திருக்கிறது.

மரம் வயசாவதால் கெடுவதில்லை. ஈரத்தால் கெடுகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கும்வரை, அதை அரிக்கும் பூஞ்சையால் வளர முடியாது. நனைந்த மரம் காய்ந்துவிட்டாலும் பிரச்னை இல்லை. நனைந்து, காய வழியில்லாமல் கிடப்பதுதான் ஆபத்து. தூலத்தின் நடுப்பகுதிக்கு நாலு பக்கமும் காற்று. சுவருக்குள் புதைந்திருக்கும் முனைக்குக் காற்றே கிடையாது. அதனால் எந்த மர வீட்டிலும் சாவு முனையில்தான் தொடங்கும்.

இன்னொரு குற்றவாளியையும் ஆசாரி கண்டுபிடித்தார். சில வருஷங்களுக்கு முன்பு, 'கசிவு நிக்கட்டும்' என்று அந்தச் சுவருக்கு சிமென்ட் பூச்சு பூசியிருந்தோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, வெயிலடித்ததும் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வாசலைச் சாத்திவிடுகிறது. மேலேயிருந்து இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மரத்திடம் தஞ்சம் புகுந்திருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்து நாங்களே மூடி போட்டு வேகவைத்திருக்கிறோம்!

ஷேக்ஸ்பியர் வீட்டிலும் இதே கணக்கு

ஆசாரி கைமரங்களைப் பார்க்கக் கூரையை ஒட்டி ஏறியபோது செல்போன் டார்ச்சோடு நானும் ஏறினேன். தூசியைத் துடைத்ததும், ஒவ்வொரு கைமரத்தின் தலையிலும் உளியால் கீறிய கோடுகள் தெரிந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு...

எனக்குச் சிலிர்த்துவிட்டது. காரணம் இருக்கிறது. ஊருக்கு வருவதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் டிஜிட்டல் பக்கத்துக்காக இங்கிலாந்தின் பழைய மர வீடுகள் பற்றிய ஒரு போட்டோ தொகுப்புக்குக் குறிப்பு எழுதியிருந்தேன். வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச்சட்டங்களுமாகப் பட்டம் போலக் கட்டம் கட்டமாக நிற்குமே, அந்த வீடுகள். அவற்றின் மூட்டுகளிலும் இப்படித்தான் ரோமன் எண்களைப் போன்ற கோடுகள் கீறப்பட்டிருக்கும். அங்கே தச்சர்கள் மரச்சட்டம் முழுவதையும் தங்கள் பட்டறையில் தரையில் கிடத்தி, மூட்டுச் சேர்த்துப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு மனையில் நிறுத்துவார்கள். "எங்க அப்பாவும் அப்படித்தான். களத்துல வச்சுக் கோத்துப் பாத்துட்டுத்தான் மேல ஏத்துவாரு" என்றார் ஆசாரி, ரொம்பச் சாதாரணமாக.

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற ஊரில், ஹென்லி தெருவில் இருக்கிறது ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு. அவர் அப்பா தோல் கையுறை செய்து விற்றவர். தெருவை ஒட்டிய அந்த வீட்டிலேயே தொழிலும் குடித்தனமும். எலும்புக்கூடு முழுக்க ஓக் மரம். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றின் முனையில் அந்தத் துளைக்குள் பொருந்தும் நாக்கு, இரண்டையும் சேர்த்துத் துளைத்து அடித்த மர ஆணி. இரும்பு ஆணி இல்லாமல் வீடே நிற்கும். சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, அதன்மேல் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பியதுதான் சுவர். நம் கிராமத்து மண்சுவருக்குப் பங்காளி!

வித்தியாசமும் உண்டு. அங்கே வீட்டைத் தாங்குவது மரம். சுவர் வெறும் அடைப்பு. செங்கோட்டை வீட்டில் பாதிப் பாரத்தைச் செங்கல் சுவர் தாங்குகிறது, மீதியை மரம் தாங்குகிறது. அங்கே ஓக் மரத்தை வெட்டிய பச்சையோடு இழைத்து மாட்டிவிடுவார்கள். அது வீட்டோடு சேர்ந்து காய்ந்து, மூட்டை இறுக்கிக்கொள்ளும். அந்த வீடுகள் கொஞ்சம் கோணலாக, தூக்கக் கலக்கத்தில் நிற்பது போல இருப்பதற்கு அதுதான் காரணம். நம் ஆசாரிகளோ மரத்தை ஆறப்போட்டு, ஈரம் வற்றியபிறகுதான் உளி வைப்பார்கள்.

ஆனால் மரம் மண்ணைத் தொடக்கூடாது என்பதில் இரண்டு ஊர்த் தச்சர்களும் ஒரே கட்சி. அங்கே அடிச்சட்டம் கல் வரிசையின் மேல் உட்காரும். இங்கே தூணுக்குக் கீழே கல் பாதம் இருக்கும். முற்றத்தில் தண்ணீர் தேங்கினாலும் தூணின் காலை நனைக்காது. கரையானும் மறைவாக ஏறிவிட முடியாது.

அவர்கள் பட்ட பாடும் நம்முடையதுதான். போன நூற்றாண்டில் பழைய மர வீடுகளுக்கு சிமென்ட் பூசி, உள்ளே ஈரத்தை அடைத்து, மரத்தை அழுக வைத்து, பிறகு அந்தப் பூச்சை உடைத்தெடுத்துச் சுண்ணாம்புக்கே திரும்பியிருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் புதுசாக்குகிறேன் என்று கெடுக்காமல், பழுதை மட்டும் பாருங்கள் என்று சொல்வதற்கென்றே 1877-ல் வில்லியம் மோரிஸ் என்ற எழுத்தாளர் லண்டனில் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அது இன்றும் இயங்குகிறது. செங்கோட்டை ஆசாரி அந்தச் சங்கத்தைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் சொன்னதும் அதேதான். "முனையை மட்டும் அறுத்துட்டு, புது மரத்தை ஒட்டுப் போட்டுரலாம். கையில விரல் கெட்டா ஆளையா கொல்லுவோம்?"

பலா, பனை, தேக்கு... யார் எங்கே?

எல்லா இடத்துக்கும் தேக்கு என்பது நம் காலத்து நினைப்பு. பழைய ஆசாரிகள் ஆளுக்கேற்ற வேலை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தூண் பலா. வெட்டும்போது மஞ்சளாக இருக்கும் பலா, வருஷம் போகப் போகத் தேன் நிறமாகி, கடைசியில் கறுத்துப் பளபளக்கும். கதவும் நிலையும் தேக்கு. கைமரம் பனை. முற்றிய பனையின் வெளிப்புறம் வைரம் பாய்ந்து இரும்பு மாதிரி இருக்கும். நெல்லைச் சீமையில் பனைக்கா பஞ்சம்? இந்தப் பனங்கைகளில் ஒன்றுகூட 'பொத்' சொல்லவில்லை.

இந்த மரங்களைக் காப்பாற்றியதில் அடுக்களைக்கும் பங்கு உண்டு. விறகடுப்புப் புகை கூரை முழுக்கச் சுற்றி, பூச்சி புழு அண்டாமல் பார்த்துக்கொண்டது. அந்தப் புகை மரத்தின் ஆயுளைக் கூட்டியது, ஆச்சியின் கண்ணைக் கெடுத்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பழைய வீட்டைக் கொண்டாடும் நம்மில் பலர் அந்த இருட்டு அடுக்களையில் சமைத்ததில்லை. புறவாசலைத் தாண்டிக் கழிப்பறைக்கு ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு போனதில்லை. தடுக்கி விழவைக்கும் உயரமான நிலைப்படியை மூட்டுவலியோடு தாண்டியதில்லை. "இந்த வீட்டுல மழை ஒழுகுனது மட்டுமாட்டி கஷ்டம்?" என்று அத்தை என்னைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பழைய வீட்டைக் காப்பாற்றுவது என்றால் பழைய வாழ்க்கையை அப்படியே காப்பாற்றுவது அல்ல.

தக்கலைக்குப் போனால் நம்பிக்கை வரும்

'மர வீடெல்லாம் எத்தனை நாளைக்கு?' என்று கேட்பவர்கள் ஒருமுறை கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வர வேண்டும். திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகரமாக இருந்த இடம். 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. செங்கோட்டை தமிழ்நாட்டோடு இணைந்த அதே நாளில்தான் கன்னியாகுமரியும் இணைந்தது. ஆனாலும் அரண்மனையை இன்றுவரை பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது.

அங்கே இருப்பதிலேயே பழைய பகுதி தாய்க் கொட்டாரம். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீடு, முழுப் பலா மரத்தில் செதுக்கிய தூண். பார்த்ததும் 'அட, நம்ம வீட்டு முற்றம்' என்று தோன்றும். நுழைவு மண்டபத்தின் மரக்கூரையில் தொண்ணூறு விதமான பூக்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில், மரச்சட்டங்களின் இடைவெளி வழியாக வெயில் வடிகட்டி உள்ளே வரும். ஏசி இல்லாமலே குளிரும். மார்த்தாண்ட வர்மா காலத்தில் எழுந்த உப்பரிகை மாளிகை நான்கு அடுக்கு. கண்ணாடியாகப் பளபளக்கும் கறுப்புத் தரை, சுண்ணாம்பு, எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் குற்றாலத்திலேயே சித்திர சபையைப் பாருங்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. குற்றாலநாதர் கோயிலிலிருந்து தள்ளித் தனியாக, தெப்பக்குளத்தை ஒட்டி நிற்கிறது. இங்கே நடராஜர் சிலையாக இல்லை, சுவரோவியமாக அருள்கிறார். நாலு பக்கமும் சுவர் நிறைய மூலிகை வண்ண ஓவியங்கள். சாரலுக்குப் பேர்போன ஊரில், ஈரம் பட்டால் உதிர்ந்துவிடும் ஓவியங்களை வைத்தவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? தலைக்கு மேலே சரிவான கூரை போட்டு, அதில் செப்புத் தகடு வேய்ந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதன் ஆயுள் மேலே இருக்கும் கூரையின் கையில் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தூண் விலைக்குப் போகும், வீடு போகாது

ஆசாரி இறங்கி வருவதற்குள் பெரியப்பா இன்னொரு கணக்கைச் சொன்னார். பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் ஏற்கெனவே வந்து தூண்களைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே பழம்பொருள் கடைகளில் யாரோ ஒருவருடைய வீட்டு நிலையும் கதவும் தூணும் சுவரில் சாய்ந்து நிற்கும். அங்கிருந்து ஹோட்டல் வரவேற்பறைக்கோ, ரிசார்ட்டுக்கோ போய்ச் சேரும். தூண் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு மேலே தூக்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது.

ஷேக்ஸ்பியர் வீட்டுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. 1847-ல் அது ஏலத்துக்கு வந்தது. அமெரிக்காவின் சர்க்கஸ் முதலாளி பி.டி.பார்னம் அதைப் பெயர்த்து வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்ற பேச்சு இங்கிலாந்தைக் கலக்கியது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் உட்படப் பலர் சேர்ந்து நிதி திரட்ட, 3,000 பவுண்டுக்கு அந்த வீடு மக்கள் சொத்தானது. இன்று அந்த ஊர் பிழைப்பதே அந்த வீட்டை நம்பித்தான்.

எங்கள் ஆச்சி வீட்டில் ஷேக்ஸ்பியர் யாரும் பிறக்கவில்லை. நாவலாசிரியர்கள் நிதி திரட்ட வரப்போவதும் இல்லை. ஆனால் பிரித்தால் மறுபடி சேர்க்க முடியும் என்பது மர வீட்டுக்கே உரிய வரம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடும் கேரளத்தின் மர வீடும் இப்படித்தான் சொந்த ஊரில் பிரிக்கப்பட்டு, அங்கே மறுபடி கட்டப்பட்டிருக்கின்றன. இடிபடவிருந்த வீடுகளுக்கு அது மறுபிறவி. என்றாலும், இருக்கிற இடத்திலேயே ஒரு வீடு இருப்பதுதான் முதல் பிறவி.

உங்கள் வீட்டிலும் மரக்கூரை இருக்கிறதா?

ஆசாரி சொன்னதை வைத்து, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சில விஷயங்கள்.

1. சாரலோ மழையோ பெய்யும்போதே பாருங்கள். எங்கே சொட்டுகிறது என்பதைவிட எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். ஓட்டில் நுழைந்த தண்ணீர் கைமரத்தின் வழியாக ஓடி, பல அடி தள்ளிச் சொட்டும்.

2. கூடல்வாயையும், தண்ணீர் வடியும் தகரக் கால்வாயையும் வருஷத்துக்கு இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள். வைகாசியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. சருகு அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறி மரத்துக்குப் போகும்.

3. உடைந்த ஓட்டை உடனே மாற்றுங்கள். ஒரு ஓட்டின் விலைக்குப் பார்த்தால் ஒரு தூலமே போய்விடும்.

4. மரத்தின் முனைகளைத் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் சுரண்டலாம். ஆழமாக இறங்கினால் அனுபவமுள்ள ஆசாரியையும், பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரையும் அழைத்துக் காட்டுங்கள்.

5. சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் வேண்டாம். சுண்ணாம்பே போதும்.

6. தூணின் காலடியிலும் சுவரோரத்திலும் கரையான் மண்கோடு தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

7. குளியலறை, கழிப்பறை கட்டுவதாக இருந்தால் மரக்கூரைக்குக் கீழே வேண்டாம். புறவாசல் பக்கம் தனிச் சுவரில் கட்டி, வீட்டோடு ஒரு நடைபாதையால் இணையுங்கள். தண்ணீர்க் குழாய் பழைய சுவருக்குள் போகாமல் இருப்பது நல்லது.

8. மரம் நிஜமாகவே தாங்காத நிலையில் இருந்தால், வீட்டின் மேல் உள்ள பாசத்துக்காக அதற்கடியில் படுக்காதீர்கள். முட்டுக் கொடுத்துவிட்டு முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். மனுஷன்தான் முக்கியம்.

ஆச்சி கேட்ட ஒரு கேள்வி

ஆசாரி கணக்கு எழுதிக் கொடுத்தார். கூடல்வாய்க்குப் புதுத் தகடு, ஒரு பக்கத்து ஓட்டைப் பிரித்து அடுக்குவது, ஐந்து முனைகளுக்கு ஒட்டு, ஒரு சுவரின் சிமென்ட்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது. பெரியப்பா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அவர் கட்ட நினைத்த ஆறு ரூமில் ஒரு ரூமுக்கான செலவுகூட இல்லை. ஆனால் ஆறு ரூம் வாடகை தரும், ஓடு தராது. அதுவும் அவருக்குத் தெரியும்.

"நான் இருக்கிற மட்டும் ஒழுகாம இருக்குமா?" என்று ஆச்சி கேட்டாள்.

"உங்களுக்கு அப்புறமும் இருக்கும் ஆச்சி. வருஷா வருஷம் யாராச்சும் ஏறிப் பாத்தா" என்றார் ஆசாரி.

பேச்சு அங்கேயே நின்றது. ஏனென்றால் அந்த 'யாராச்சும்' யார் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டின் கதி மரத்தில் இல்லை, அந்தக் கேள்வியில் இருக்கிறது.

கடைசியில், ஒரு வருஷம் பார்க்கலாம் என்று முடிவானது. ரிப்பேர் செலவை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அத்தை கேட்டபடி புறவாசல் பக்கம் குளியலறையோடு சேர்ந்த கழிப்பறை ஒன்றும் கணக்கில் ஏறியது. வருஷத்துக்கு இரண்டு முறை கூரையைப் பார்த்து போட்டோ அனுப்பும் பொறுப்பை ஆசாரியின் பேரன் ஏற்றுக்கொண்டான். அதற்கான கூலியை நான் அனுப்ப வேண்டும். பெரியப்பா ஆறு ரூம் பிளானைக் கிழித்துப் போடவில்லை, பீரோவில் வைத்திருக்கிறார்.

ஐப்பசி அடைமழையில் ஆச்சிக்கு போன் செய்தேன். ஓட்டில் மழை விழும் சத்தம் போனிலேயே கேட்டது.

"ஒழுகுதா ஆச்சி?"

"இல்லட்டி. வாளியை எல்லாம் புறவாசல்ல கமுத்தி வச்சாச்சு" என்றாள்.